அரசாணிக்காய் எந்தச் சீமைக் காய்?

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஜப்பானிய சூப் ஒன்று வைப்பதற்காகச் சூரமங்கலம் உழவர் சந்தைக்கு அரசாணிக்காய் வாங்கச் சென்றோம். உடன் வந்தவர் நம் பழைய மாணவர். இளங்கலையில் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் படித்தவர். இப்போது ஜப்பானில் நகோயா நகரில் பணிபுரிகிறார். விடுப்பில் ஊர் வந்தவர், அந்நாட்டில் குளிர்காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு வைக்கும் பூசணி சூப்பை நமக்குச் செய்து காட்டுவதாகச் சொல்லியிருந்தார். சந்தையில் காய் விற்ற அம்மையார், "எத்தனை கீத்து வேணுங்க?" என்று கேட்டுக்கொண்டே கத்தியை எடுத்தார். அவர் வெட்டிக்கொண்டிருக்கையில் மாணவர் நம் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அங்கே இதற்குக் கபோச்சா என்று பெயர். கம்போடியாவிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். நம் அரசாணிக்காய் எங்கிருந்து வந்தது?"

நாம் வாய் திறக்கவில்லை. காரணம் உண்டு. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் நம் கல்லூரியில் பாரம்பரிய உணவுக் கண்காட்சி ஒன்று நடந்தது. மாணவியர் சிலர் தேங்காய்த் துருவலும் வற்றல் மிளகாயும் சேர்த்து அரசாணிக்காய்ப் பொரியல் செய்து, வாழையிலையில் வைத்து, முன்னால் ஓர் அட்டையும் நிறுத்தியிருந்தனர். 'சங்கத் தமிழர் உண்ட அரசாணிக்காய்ப் பொரியல் – 2000 ஆண்டுப் பாரம்பரியம்' என்பது அட்டையின் வாசகம். அதைப் பார்வையிட்டு ஒப்புதல் தந்தவர் நாமே. 'அரசாணிக்காய் பொரியல்' என்று ஒற்று விட்டு எழுதியிருந்ததைத் திருத்தி, ஒரு 'ப்' சேர்த்துத் தந்தோம். வரலாற்றுப் பிழை கண்ணில் படவில்லை. சந்திப்பிழையைக் காண்பதற்குப் பழகிய கண்ணுக்கு இப்படியும் ஒரு குறை உண்டு போலும்.

காயின் பெயரிலிருந்தே தொடங்குவோம். சேலம், நாமக்கல், ஈரோடு, கோவை வட்டாரங்களில் இது அரசாணிக்காய். தஞ்சைப் பகுதியிலும் சென்னையிலும் பரங்கிக்காய். மதுரைக்குத் தெற்கே பூசணிக்காய் என்றாலே பெரும்பாலும் இதுதான்; வெள்ளைக் காயைத் தடியங்காய் என்று பிரித்துச் சொல்லும் வழக்கமும் அங்கு உண்டு. குமரி மாவட்டத்தில், மலையாளத்தோடு ஒத்து, மத்தன். யாழ்ப்பாணத்தில் இது பூசணிக்காய். வெள்ளையாக நீறு பூத்தது நீற்றுப்பூசணி. நகரத்துக் கடைகளில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்ற பலகைகளைக் காணலாம். ஒரு மொழிக்குள் ஒரு காய்க்கு இத்தனை பெயர்கள் இருந்தால், அது வந்து சேர்ந்து நெடுங்காலம் ஆகவில்லை என்று ஐயுறுவது மொழி பயின்றோரின் வழக்கம். வாழைக்கும் வெண்டைக்கும் கத்தரிக்கும் இப்படி ஊருக்கொரு பெயர் இல்லை.

இவற்றுள் வரலாற்றை வெளிப்படையாகச் சொல்லும் பெயர் பரங்கி. சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கிலிருந்து வந்த பிராங்கு இனத்தாரை அரேபியர் 'இஃப்ரஞ்ச்' என்றனர். பாரசீகத்தில் அது 'ஃபரங்கி' ஆகி, ஐரோப்பியர் அனைவரையும் குறித்தது. நம் மொழியில் 'ஃப' ஒலி இல்லாமையால் பரங்கி ஆயிற்று. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபின், தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பரங்கி என்றால் போர்ச்சுக்கீசியர். சென்னையில் பரங்கிமலையும் கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டையும் அவர்கள் கால் வைத்த இடங்கள். இலங்கையில் போர்ச்சுக்கீசிய, டச்சுக் கலப்பு வழியினரைப் பறங்கியர் என்பர். அவர்கள் வந்தபின் பரவிய மேகநோய்க்குப் பரங்கிப்புண் என்று பெயர் வைத்தனர் நம் முன்னோர். அந்நோய்க்கு மருந்தான வேர் பரங்கிப்பட்டை. அவ்வேரின் தாயகமோ சீனம்! சீனத்து மருந்து பரங்கியின் பெயரை ஏற்றது ஏன்? கொண்டுவந்து கொடுத்த கை பரங்கியின் கை. பிறந்த ஊரை யார் கண்டார்? கடைசியாகக் கைமாற்றிக் கொடுத்தவன் பெயர்தான் நிற்கும். இவ்விதியை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்தக் காய் போன வழியெல்லாம் தெளிவாகத் தெரியும்.

பிறந்த ஊர் அமெரிக்கக் கண்டம். பூசணிக் குடும்பத்தில் அமெரிக்கப் பிரிவைத் தாவர நூலார் குக்குர்பிட்டா என்பர். மெக்சிகோவின் வாகாகா மாநிலத்தில் கீலா நாக்கீட்ஸ் என்னும் குகையில் கிடைத்த பூசணி விதைகள் சுமார் 10,000 ஆண்டுப் பழமையுடையன. அங்கே மக்காச்சோளம் பயிராகுமுன்பே பூசணி பயிராகிவிட்டது. நம் ஊரில் மிகுதியாக விளையும் இனம் குக்குர்பிட்டா மாஸ்கேட்டா; நடு அமெரிக்காவும் தென்னமெரிக்காவின் வடபகுதியும் அதன் பழைய இடங்கள். இன்று ஜப்பானில் பெரிதும் விற்கும் கபோச்சா, குக்குர்பிட்டா மாக்சிமா என்னும் இன்னோர் இனம். அதன் தாயகம் தென்னமெரிக்கா. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. காம்பைப் பாருங்கள். காம்பு கடினமாக, பட்டை பட்டையாக, காயோடு சேருமிடத்தில் நட்சத்திரம்போல் விரிந்திருந்தால் மாஸ்கேட்டா. உருண்டு, தடித்து, தக்கைபோல் இருந்தால் மாக்சிமா. சந்தையிலிருந்த அத்தனை காய்களும் விரிந்த காம்புக் காய்கள்.

அப்படியானால் சங்கத் தமிழர் எதைத்தான் உண்டனர் என்று மாணவியர் கேட்கக்கூடும். கொடிக்காய்களுக்குப் பஞ்சமில்லை. சுரையும் பீர்க்கும் பாகலும் வெள்ளரியும் நம் பழைய காய்கள். பாரி இறந்தபின் அவன் மகளிர் இருந்த எளிய வீட்டைக் கபிலர் காட்டும் புறநானூற்று 116ஆம் பாட்டில், பீர்க்கும் சுரையும் படர்ந்து கிடக்கின்றன. அவலத்தைக் காட்ட வந்த பாட்டு நமக்குக் காய்கறிச் சான்றாகவும் பயன்படுகிறது; கபிலர் பொறுத்தருள்வாராக. அங்கே அரசாணி இல்லை. இருக்கவும் இயலாது. அந்தக் காலத்தில் அது பெருங்கடலுக்கு அப்பால் இருந்தது.

பூசணி என்னும் சொல் நமக்குப் பழைய உறவு. அது முதலில் குறித்தது நீறு பூத்த வெண்பூசணியை. வடமொழியில் கூசுமாண்டம், நம் வைத்தியர் லேகியம் கிண்டுவதும், கல்யாணப் பூசணி என்று பந்திக்குப் போவதும், ஆயுத பூசையன்று நடுத்தெருவில் உடைபடுவதும் அதுவே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்லும் பழமொழியிலும் வெண்பூசணியை வைத்துப் பார்ப்பதே பொருத்தம். வெள்ளைச் சோற்றில் வெள்ளைக்காயை மறைக்க முயன்றவன் சற்றேனும் அறிவுடையவன். புதிய மஞ்சட்காய் வந்தபோது, பழைய பூசணியின் பெயரையே அடைமொழி சேர்த்து அதற்கும் சூட்டினர். வங்கத்தார் மிட்டி குமடா என்பதும், கன்னடர் சிஹி கும்பளம் என்பதும் இதே வழி. இரண்டிலும் அடை இனிப்பைக் குறிக்கும். வங்கத்துச் சில வட்டாரங்களில் 'விலாயத்துக் குமடா' என்றே வழங்குவர். அது நம் பரங்கிக்கு நேர்.

மார்கழிக் கோலத்தில் சாணப் பிள்ளையார்மேல் பூசணிப்பூ வைக்கும் வழக்கத்தை எடுத்துக்காட்டி, மஞ்சள் பூசணி நம் பழங்காயே என்று நம்மோடு வாதிட்டவர் உண்டு. வெண்பூசணிக்கும் பூ மஞ்சளே. எனவே கோலத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில் பயனில்லை.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். 1543இல் தனேகாஷிமா தீவில் போர்ச்சுக்கீசியர் கரையேறினர். துப்பாக்கி அந்நாட்டில் புகுந்த கதையைச் சொல்வோர் எல்லாரும் அந்த ஆண்டைச் சொல்வர். துப்பாக்கியை அடுத்து அந்நூற்றாண்டிலேயே அவர்கள் கம்போடியாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது இந்தக் காய். கம்போடியா என்பதன் போர்ச்சுக்கீசிய உச்சரிப்பே ஜப்பானியர் வாயில் கபோச்சா ஆயிற்று. போர்ச்சுக்கீசிய மொழியில் பூசணிக்கு 'அபோபொரா' என்று பெயர்; அது தென்பகுதியான கியூஷூ தீவில் 'பொபுரா' என்று வழங்கியது. மேற்கே ஒசாகா வட்டாரத்தில் 'நான்கின்'. சீனத்து நான்கிங் நகரின் பெயர். எதோ நகரத்தார் 'தோனாசு' என்றனர். சீனத்துக் கத்தரிக்காய் என்பது பொருள். எழுத்திலோ சீனரைப் பின்பற்றித் 'தென்னாட்டுக் கொடிக்காய்' எனப் பொருள்படும் இரண்டு சித்திர எழுத்துகள். அமெரிக்காவில் பிறந்த காய்க்குக் கம்போடியா, போர்ச்சுக்கல், நான்கிங், சீனம், தெற்குத் திசை என்று ஐந்து முகவரிகள். மெக்சிகோ மட்டும் இல்லை.

ஜப்பானியரைக் குறை சொல்வதற்கில்லை. உருளைக்கிழங்கை அவர்கள் ஜாகாஇமோ என்பர். டச்சுக்காரர் ஜகார்த்தா வழியாகக் கொணர்ந்ததால் 'ஜகார்த்தாக் கிழங்கு'. டச்சுக்காரரோ அமெரிக்க வான்கோழியைக் 'கல்கூன்' என்பர். அது நம் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்தது! கோழிக்கோடு வான்கோழியைக் கண்டதே பின்னாளில்தான். நாம் மட்டும் என்ன? மெக்சிகோவிலிருந்து வந்த சவ்சவ்வைப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று இன்றும் கூவி விற்கிறோம். அது பெங்களூரிலும் பிறக்கவில்லை. கத்தரி இனமும் அன்று. அதுவும் பூசணிக் குடும்பமே.

சேலத்துக்காரர்க்கு இதில் கூடுதல் பங்கு உண்டு. நம் மாவட்டத்தின் பெருந்தொழில்களில் ஒன்று ஜவ்வரிசி. இரண்டாம் உலகப்போரில் கிழக்காசியச் சரக்கு வரத்து நின்றபோது, 1940களில் இங்கே மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினர்; 1981இல் உற்பத்தியாளர்க்குச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. அந்த மரவள்ளி, நாம் குச்சிக்கிழங்கு என்று வாய் நிறையச் சொல்வது, தென்னமெரிக்கக் கிழங்கு. நாமக்கல் கோழிகள் தின்னும் மக்காச்சோளம் மெக்சிகோப் பயிர். கண்காட்சிப் பொரியலில் கிடந்த வற்றல் மிளகாயும் அப்படியே. மாணவியரின் இலையில் தேங்காயையும் கடுகையும் கறிவேப்பிலையையும் தவிர மற்றவை கப்பலேறி வந்தவை. வாழையிலைக்கு மட்டும் அட்டை முழுதும் பொருந்தும்!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தஞ்சையார்க்குப் பரங்கி என்று காயின் வரலாறு நாவிலேயே இருக்க, நமக்கு மட்டும் அது ஏன் மறைந்தது? அரசாணி என்றால் மணப்பந்தலில் நடும் அரசங்கிளை. அரசாணிக்கால் என்பது கொங்கு நாட்டுத் திருமணத்தில் இன்றும் வழங்கும் சொல். அதற்கும் காய்க்கும் முடிச்சுப் போட்டு, கல்யாணத்தில் சமைத்த காய் என்றெல்லாம் கதை கட்டுவது எளிது. அவ்வகைச் சொல்லாராய்ச்சியில் நமக்கு நம்பிக்கை இல்லை. நாம் கூறக்கூடியது இவ்வளவே: கடற்கரை ஊரார் கப்பலைக் கண்டனர், அவர்கள் வைத்த பெயரில் கப்பல் நின்றது. உள்நாட்டுச் சமவெளிக்குக் காய் வந்து சேர்ந்தபோது அதைத் தூக்கி வந்தவர் அயலூர்ச் சந்தைக்காரராகவோ, பெண் எடுத்த வீட்டாராகவோ இருந்திருப்பர். பரங்கியை இங்கு யார் கண்டார்? குமரிக் கடற்கரை மத்தன் என்பது இக்கருத்துக்கு எதிராக நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உண்மையில் சேலத்தார் ஒரு பரங்கியை 1623இல் கண்டனர். அவரோ தாம் பரங்கி அல்லர் என்று சாதித்தவர். இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி. தமிழ், தெலுங்கு, வடமொழி பயின்று, காவியுடுத்து, புலால் நீக்கி வாழ்ந்தவர். தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர். மதுரையில் பரங்கி என்ற சொல் புலாலும் மதுவும் உண்டு தூய்மையற்று வாழ்வோரைக் குறிக்கும் இழிசொல்லாகிவிட்டதை அவர் வந்த உடனே உணர்ந்தார். தாம் பரங்கியர் நாட்டில் பிறந்தவர் அல்லர், உரோமாபுரியில் உயர்குடியில் பிறந்தவர் என அறிக்கை எழுதி வெளியிட்டார். 1623இல் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை மதித்து ஏற்றார் என்பது வரலாறு. பரங்கி என்னும் பெயரைக் களைந்தெறிய ஒரு மனிதர் உண்ணும் உணவையும் உடுக்கும் உடையையும் மாற்றி, பதினேழு ஆண்டு போராடினார். அதே பெயரோடு வந்த காய் ஒன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. தஞ்சையில் பெயரை வைத்துக்கொண்டே கோயில் மடைப்பள்ளிவரை சென்றது. இங்கே பெயரும் இல்லாமல் குப்பைமேட்டில் வேர்விட்டது. மனிதரை ஏற்பதைவிடக் காயை ஏற்பது நம்மவர்க்கு எளிதாக இருந்திருக்கிறது.

சூப்புக்கு வருவோம். அதிலும் ஒரு பெயர்ச்சிக்கல். ஜப்பானியர் இதைப் 'பொதாஜு' என்பர். பிரெஞ்சு மொழியின் 'பொத்தாழ்' என்பதன் திரிபு. ஜப்பானில் நெடுங்காலம் பாலும் வெண்ணெயும் பொதுமக்கள் உணவில் இல்லை. மெய்ஜி அரசர் 1872இல் வெளிப்படையாக மாட்டிறைச்சி உண்டது ஒரு திருப்பமாகப் பேசப்படுகிறது. அதையொட்டியே மேலைச் சமையல் அந்நாட்டு நகரங்களில் பரவியது. வெண்ணெயில் வெங்காயம் வதக்கி, பால் விட்டுக் கடையும் இந்தச் சூப் அந்தப் பரவலின் பின்விளைவு. மாவுத்தன்மை மிக்க மாக்சிமா இனமும் 19ஆம் நூற்றாண்டில்தான் அமெரிக்காவிலிருந்து அங்கே போயிற்று. குளிர்மிகுந்த ஹொக்கைடோவில் அது செழித்து, பழைய மாஸ்கேட்டாவைப் பின்தள்ளியது. பழைய இனத்தை இன்றும் போற்றுவோர் உண்டு. கியோட்டோவில் சுரைக்குடுக்கை வடிவில் ஷிஷிகதானி என்று ஒன்று. அன்ராகுஜி என்னும் கோயிலில் ஜூலை 25ஆம் நாள் அதை வேகவைத்து அடியார்க்கு வழங்குவர். பொதுமக்களுக்கோ டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள் முக்கியம். ஆண்டின் மிகக் குறுகிய பகல். அன்று கபோச்சா உண்டால் குளிர்கால நோய் அணுகாது என்பது நம்பிக்கை. நமக்கு அது மார்கழி ஆறு அல்லது ஏழு. கோடையில் பறித்துச் சேமித்த காயை அன்று எடுப்பர். அக்காலத்தில் சேமிப்புக் காய் தீர்ந்தபின் ஜப்பானியக் கடைகளை நிரப்புவது பெரும்பாலும் நியூசிலாந்துக் காயும் மெக்சிகோக் காயும் என்றார் மாணவர். மெக்சிகோவில் விளைந்த காயைக் கம்போடியாவின் பெயரால் வாங்குகின்றனர்.

அவர் அங்கே பழகிய அளவு இது: தோலும் விதையும் நீக்கிய காய் 600 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, வெண்ணெய் 20 கிராம், தண்ணீர் 400 மில்லி, பால் 200 மில்லி, உப்பு. வெங்காயத்தை மெல்லிதாக அரிந்து வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, காயைச் சேர்த்துப் புரட்டி, தண்ணீர் விட்டு மூடி வேகவைத்து, ஆறியபின் அரைத்து, பால் சேர்த்துச் சூடாக்குவது. அளவு பிசகவில்லை, வந்ததோ மஞ்சள் ரசம். குறை அவரிடம் இல்லை. நம் காய் நீர்க்காய். அவர் காய் மாவுக்காய். நம் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சாமி, நோஞ்சான் புள்ளைக்குக் குடுக்கற கஞ்சியாட்டம் இருக்குது" என்றார்.

மறுமுறை முறையை மாற்றினோம். காயை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தோம். தண்ணீரில் வேகவைத்தால் உறிஞ்சிய நீரை மறுபடி வெளியேற்றுவது கடினம். பிறகு வதங்கிய வெங்காயத்தோடு வாணலியில் இட்டு, அடிப்பிடிக்காமல் பத்து நிமிடம் கிளறினோம். நீர் சுண்டி, அல்வாப் பதத்துக்குச் சற்று முன்னிலை வந்தது. அரைத்து, தண்ணீரை 150 மில்லியாகக் குறைத்து, பாலை விட்டு, கொதி வருமுன் இறக்கினோம். கடைப் பாலேட்டுக்கு மாறாக வீட்டுப் பாலாடையை மத்தால் கடைந்து மேலே விட்டோம். கரண்டியில் ஒட்டி மெல்ல வழியும் பதம் வந்தது. மாணவர் ஒரு வாய் பருகிவிட்டு, நகோயாவில் குடிப்பதைவிட இனிப்புச் சற்றுத் தூக்கல், மற்றபடி அதேதான் என்றார். செய்து பார்ப்போர் புதுக்காயைத் தவிர்க்க வேண்டும். பறித்தபின் சில வாரம் பரணில் கிடந்த காயில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 காய் 7, 8 கிலோ நிறைக்கும். கோ 2 ஒன்றரை, இரண்டு கிலோ. சிறு குடும்பத்துக்குப் பின்னது போதும்.

அம்மா கிண்ணத்தைக் கையில் வாங்கினார். அடுக்களைக்குள் போய் மிளகை இடித்து மேலே தூவிக்கொண்டு வந்து குடித்தார். நாம் அந்த நேரத்தில் ஒரு சொற்பொழிவைத் தொடங்கியிருந்தோம்: இந்த மிளகை ஏற்றிப்போகத்தான் பரங்கியர் கப்பல் வந்தது, வந்த கப்பல்களில்தான் இந்தக் காயின் விதையும் ஏறி வந்தது, போனதும் வந்ததும் ஒரு கிண்ணத்தில் சேர்ந்துவிட்டன என்று. அம்மா குறுக்கிட்டார்.

"அரசாணிக்காய் சீமைக்காய்ங்கறயா நீ?"

"ஆமாம்மா. அமெரிக்காக் காய்."

"எங்காத்தா வெதையைச் சாம்பல்ல பொரட்டிச் சாணியில தட்டி, செவுத்துல ஒட்டி வெப்பா. அதை எடுத்து நாங் குப்பைமேட்டுல ஊனுவேன். எங்காத்தாளுக்கு அவ ஆத்தா குடுத்தது. கப்பல்காரன் ஒருக்கா குடுத்தான். வருசா வருசம் வெச்சுக் காப்பாத்துனது ஆரு?"

இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. வரலாற்று நூல்கள் கப்பலேறிய காயைச் சொல்லும். சுவரில் சாணத்தோடு ஒட்டியிருந்த விதையைச் சொல்வதில்லை. அரசாணி போன்ற கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. அக்கம்பக்கத்துக் கொடிகளோடு வண்டு கலந்துவிடும். நல்ல காயைத் தேர்ந்து, முற்றவிட்டு, விதையெடுத்து, ஒவ்வோர் ஆடியிலும் மறுபடி ஊன்றாமல் ஒரு குடும்பத்துக் காய் நான்கு தலைமுறைக்கு அதே சுவையோடு வராது. அதைச் செய்தவர் பெயர்கள் எந்தச் செப்பேட்டிலும் இல்லை. கீலா நாக்கீட்ஸ் குகையில் முதலில் விதை சேர்த்தவர் பெயரும் இல்லை. நாம் அம்மாவிடம் அக்குகையைப் பற்றிச் சொன்னோம். பத்தாயிரம் ஆண்டு என்றதும், "அங்கியும் பொம்பளைக தான் வெச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போனார்.

மறுவாரம் துறையில் பழைய அட்டையைத் தேடியெடுத்தோம். 'சங்கத் தமிழர் உண்ட' என்பதை அடித்தோம். 2000 என்பதையும் அடித்தோம். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதில் மாணவியரிடையே கருத்து வேறுபாடு. 'மெக்சிகோக் காய்' என்றனர் இருவர். அப்படி எழுதினால் ஊரார் சிரிப்பர் என்றாள் ஒருத்தி. 'பாரம்பரியம்' என்ற சொல் நிற்கலாமா என்பதில் நெடுநேரம் வாக்குவாதம். நாம் அதை அடிக்கவில்லை. இறுதியில் எழுதியது: 'அரசாணிக்காய்ப் பொரியல். பிறந்தது அமெரிக்கக் கண்டம். வந்தது பரங்கியர் கப்பல் காலத்தில். விதை காத்தவர் நம் பாட்டிமார். பாரம்பரியம்.' வாசகம் நீண்டுவிட்டதால் அட்டையைப் பெரிதாக வெட்ட வேண்டியிருந்தது. இம்முறையும் ஒற்றுப்பிழை ஒன்று இருந்தது, திருத்தினோம்.